நாற்பத்திரண்டு படகுகள்

அவள் நாவலில் ஒரு தவறு இருந்தது. வரி திருத்திச் சரிசெய்கிற தவறு இல்லை, கதையின் முதுகெலும்பிலேயே இருந்த தவறு. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "ஒரு தப்பும் இல்லடி, சூப்பரா கீது" என்று அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம் வந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டால், படிக்கிறவர்களுக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் வரலாம். வெட்கம் இருக்கிறதுதான். ஆனால் அன்று இனித்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

நான் நெட்டுக்குப்பத்துக்காரி. அப்பா கடலுக்குப் போனவர். சித்தப்பா இன்றைக்கும் போகிறார். நான் டிகிரி முடித்துவிட்டு, சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கடையில் பில் போடுகிறேன். நாள் முழுக்கக் கம்பியும் தகடும் இறங்குகிற சத்தத்தில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் யார் மெதுவாகப் பேசினாலும் எனக்குக் கேட்காது. அவள் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவள். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில், எந்தப் பெட்டி எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்று கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை.

கிளை நூலகத்தில்தான் பழக்கம். ஒரே புத்தகத்துக்கு இருவரும் கை நீட்டினோம். "நீயே மொதல்ல எட்த்துக்கோ. ஆனா பக்கத்த மடிச்சி வச்சேன்னா கைய ஒடச்சிடுவேன்" என்றாள். அவ்வளவுதான், தோஸ்து ஆகிவிட்டோம். மூன்று மாதம் கழித்து, தான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருப்பதாக, ஏதோ சீக்கைச் சொல்வதுபோலக் காதில் சொன்னாள். எனக்கும் அதே சீக்குதான் என்றேன்.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. வேலை முடிந்ததும் திருவொற்றியூர் ஸ்டேஷனுக்கு வருவோம். நான் எண்ணூர்ப் பக்கம் போக வேண்டும், அவள் எதிர்ப்பக்கம். என் பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் உட்காருவோம். படித்தவள் பேசுவாள். எழுதியவள் வாயைத் திறக்கக் கூடாது. என் பக்கத்து வண்டி இரண்டு வந்து போகிற வரைக்கும், எவ்வளவு கேவலமாகச் சொன்னாலும், "இல்லடி, நா இன்னா நெனச்சேன்னா" என்று ஆரம்பிக்கக் கூடாது. இரண்டாவது வண்டியின் கடைசிப் பெட்டி தாண்டின பிறகுதான் பதில்.

சட்டத்தைப் போட்டவள் அவள். "பொஸ்தகம் வந்தப்புறம் படிக்கிறவன் வூடு வூடா போயி வெளக்கம் சொல்லிகினு இருப்பியா? அப்ப இப்பவே பொத்திக்கினு கேளு" என்பாள். வண்டிகள் நேரத்துக்கு வந்தால் அரை மணியில் தப்பிக்கலாம். சிக்னல் கிடைக்காமல் எங்காவது நின்றுவிட்டால் செத்தேன். ஒரு மழை நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவள் சொல்வதெல்லாம் அப்படித்தான் இருக்கும். என் பக்கங்களின் ஓரத்தில் பச்சைப் பேனாவில் 'இழுவை', 'போதும்', 'இது யாருக்கு?' என்று எழுதிக்கொண்டு வருவாள். நான் அவளுடையதைப் படித்தால் இரண்டு முறை படிப்பேன். எங்கே சரியில்லையோ அங்கே எப்படிச் சரியாக்கலாம் என்று தனித்தாளில் எழுதிக் கொடுப்பேன். அவளுடைய முதல் ஐந்து அத்தியாயம் இன்றைக்கு நிற்கிறது என்றால் அதில் என் உழைப்பு இருக்கிறது. தற்பெருமை என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

என் நாவலின் பன்னிரண்டாம் அத்தியாயத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அது என் அப்பா செத்த நாள். கானாங்கெளுத்தி மீன் மந்தை மந்தையாகக் கரை ஓரம் வரைக்கும் வந்திருந்த வாரம். விடியற்காலையில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால், எடுத்து அடக்கம் பண்ணுகிற வரை ஒரு படகும் கடலில் இறங்காது. செத்தவன் எதிரியாக இருந்தாலும் சரி. கோயில் மைக்கில் "இன்னிக்கித் தொழில் கெடயாது" என்று ஒரே வரி சொல்வார்கள். ஏற்கெனவே கடலுக்குப் போயிருந்தவர்களுக்குச் செல்லில் சொல்வார்கள். எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள். அன்று சித்தப்பா வலை போட்டிருந்தார். இழுத்துக்கொண்டிருந்தால் நேரமாகும் என்று, மீனோடு வலையைக் கடலிலேயே அறுத்துவிட்டுக் கரைக்கு வந்தார்.

பத்து மணிக்கெல்லாம் நாற்பத்திரண்டு படகும் கரையில் நின்றன, அப்பாவுடையதையும் சேர்த்து. கூப்பிடு தூரத்தில் கடல்மேல் பறவைகள் விழுந்து விழுந்து எழுந்தன. மீன் அங்கேதான் இருக்கிறது என்று ஊர் முழுக்கத் தெரியும். படகு நிழலில் உட்கார்ந்திருந்த ஆட்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. என் அப்பாவுக்கு ஊர் கொடுத்த மரியாதை அதுதான். அழுகையெல்லாம் அதற்கு அப்புறம். முப்பத்தோரு பக்கம் எழுதியிருந்தேன். அந்த நாவலையே அந்த முப்பத்தோரு பக்கத்துக்காகத்தான் எழுதினேன்.

அதைப் படிக்கக் கொடுத்த மூன்றாம் நாள் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"பன்னெண்டு வேணாம்டி" என்றாள். "தூக்கிடு."

பதில் சொல்ல வாயெடுத்தேன். சட்டம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

"ஒண்ணுமே நடக்கல அதுல. போட்டு நிக்குது. நின்னுகினே கீது. எவன் படிப்பான்? அப்பா செத்தாரா, ரெண்டு வரில சொல்லு, தாண்டிப் போ. கத ஓட்றப்ப எதுக்கு பிரேக்க போட்ற?"

முதல் வண்டி வந்து போனது. அவள் அதற்குள் யார்டு விஷயம் பேச ஆரம்பித்திருந்தாள். இரண்டாவது வண்டியும் போனது. கடைசிப் பெட்டி தாண்டினதும், "இப்ப பேசு" என்றாள். நான் "சரி" என்றேன். ஏன் சரி என்றேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். அவள் நிறையப் படித்தவள், அவளுக்குத் தெரியும் என்று நினைத்தேன். என் துக்கம் எனக்குப் பெரியது, ஊருக்கு எதற்கு என்றும் நினைத்தேன். கடையில் தகடு வெட்டினால் மிஞ்சுகிற துண்டை ஒரு மூலையில் போடுவார்கள். அப்படி அந்த முப்பத்தோரு பக்கத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவின் மேல் வைத்தேன். அப்பா சாவு மூன்று வரியானது.

நாவலை ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம். நல்ல மனிதர்தான் எழுதியிருந்தார், பொறுமையாகப் படித்திருந்தார். மகள் அப்பாவோடு இவ்வளவு ஒட்டுதலாக இருக்கிறாள், ஆனால் அவர் செத்த நாளை மூன்று வரியில் தாண்டிவிடுகிறாள், அந்த இடத்தில் நாவலே விட்டுப்போகிறது என்று எழுதியிருந்தார். நான் அதை பில் கவுன்ட்டரில் நின்றபடி படித்தேன். வெளியே யாரோ கம்பிக்கட்டு ஒன்றைக் கீழே போட்டார்கள். அந்தச் சத்தம் எனக்கு வசதியாகப் போயிற்று, அழுதது யாருக்கும் கேட்கவில்லை.

சாயங்காலம் அவளிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். "அவுனுங்களுக்கு இன்னா தெரியும்? வுடு, வேற எடத்துல போடு" என்றாள். பன்னிரண்டாம் அத்தியாயம் என்று ஒன்று இருந்ததே அவள் நினைவில் இல்லை. அன்றைக்குத்தான் மனசுக்குள் கறுவ ஆரம்பித்தேன். கறுவிக்கொண்டே அவளோடு டீ குடித்தேன், சிரித்தேன், அவள் பிறந்தநாளுக்குச் சுடிதார்த் துணி எடுத்துக் கொடுத்தேன். எனக்கு நடிப்பு வராது என்று நினைத்திருந்தேன். நன்றாகவே வந்தது.

ஒரு வருஷம் போனது. அவள் இரண்டாவது நாவலை முடித்தாள். முதல் நாவலைக் கிடப்பில் போட்டுவிட்டு எழுதியது. இந்த முறை கடல் கதை. எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது, கடல் என்ன அவள் வீட்டுச் சொத்தா என்று. அப்புறம், யாரும் எதையும் எழுதலாம் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒரு பதிப்பகம் பத்து அத்தியாயம் பார்த்துவிட்டு முழுவதும் கேட்டிருந்தது. புத்தகக் கண்காட்சிக்குள் கொண்டுவர வேண்டும், ஒரு வாரத்தில் கொடு என்று அவசரம்.

"ஒரு வாரந்தான்டி டைம்மு" என்று நாவல் தாள்களை என் மடியில் வைத்தாள். "எழுத்த பத்தி ஒண்ணும் சொல்லாத. கடல் சமாச்சாரத்த மட்டும் பாரு. நா புளியந்தோப்புக்காரி, எனக்கு இன்னா தெரியும்? எங்கியாவது தப்பா எழுதிகீறேனா, அத்த சொல்லு. உன்ன நம்பித்தான் எழுதிகீறேன்."

வீட்டில் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தாள், அதையும் சொல்ல வேண்டும். கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் கதாநாயகனின் அப்பா சாகிறார். பிணம் வீட்டில் கிடக்கிறது. மகன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. விடிந்ததும் எழுந்து போய் அப்பாவின் படகைத் தள்ளிக்கொண்டு கடலில் இறங்குகிறான். அதைப் பார்த்த ஊர், தானும் இறங்குகிறது. செத்தவருக்கு மரியாதையாக ஊரின் படகுகள் எல்லாம் வரிசையாகக் கடலுக்குப் போகின்றன.

எத்தனை படகுகள் தெரியுமா? நாற்பத்திரண்டு.

அந்த எண்ணை இன்னொரு முறை படித்தேன். பன்னிரண்டாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தில், இரண்டாவது பத்தியில், நாற்பத்திரண்டு படகு என்று எழுதியிருந்தேன். ஏன் நிற்கின்றன என்பது மூன்றாம் பக்கத்தில்தான் வரும். ஆக, அவள் முதல் பக்கத்தைப் பார்த்திருக்கிறாள், அங்கேயே நிறுத்தியிருக்கிறாள். எண் மட்டும் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. முப்பத்தோரு பக்கத்தைப் படிக்காமலே எடுத்துப் போடச் சொன்னவள், அதே முப்பத்தோரு பக்கத்தைப் படிக்காத காரணத்தாலேயே இந்தத் தவறைச் செய்திருக்கிறாள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைக்கவே கிடைக்காது என்று தோன்றியது.

எங்கள் ஊரில் அந்த அத்தியாயத்தைப் படித்தால் காறித் துப்புவார்கள். பிணத்தை வீட்டில் போட்டுவிட்டுத் தொழிலுக்குப் போகிற ஊர் என்று எங்களைச் சொல்வதைவிடக் கேவலமான பேச்சு வேறு இல்லை. அவளுக்கு அது தெரியாது. அவளைப் பொறுத்தவரை அது அழகான காட்சி.

வெள்ளிக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் சட்டப்படி வாயை மூடிக்கொண்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவசரப்படவில்லை. முதலில் சின்னத் தவறுகளைச் சொன்னேன். சித்திரையில் வாடைக்காற்று அடிக்கிறது, அதை மார்கழிக்கு மாற்று. முகத்துவாரத்தில் இறாலைக் கையால் தடவிப் பிடிக்கிற பெண்களைக் காட்டியிருக்கிறாய், நல்லது, ஆனால் தண்ணீர் கழுத்தளவு என்று எழுதாதே, இடுப்பளவு போதும். நீ சொல்கிற வலையில் நண்டு விழாது. இப்படிப் பதினேழு இடம். ஒவ்வொன்றையும் அவள் குறித்துக்கொண்டாள். பதினேழைத் திருத்தினவள் பதினெட்டாவதை விட்டுவைத்திருப்பாள் என்று யாருக்குச் சந்தேகம் வரும்?

இரண்டாவது வண்டி போனதும் கேட்டாள். "அந்த சாவு சீனு? போட்டெல்லாம் போவுதே, அது?"

"அதுல கைய வைக்காத" என்றேன். "ஒரு தப்பும் இல்லடி, சூப்பரா கீது."

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் தலையில் வைத்திருந்த கனகாம்பரம் என் கன்னத்தில் உரசியது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதற்கப்புறமும் எத்தனையோ முறை வாய்ப்பு வந்தது. அச்சுக்குப் போகிற முந்தின நாள்கூடப் போன் பண்ணி, "வேற எதுனா கீதா?" என்று கேட்டாள். "நிம்மதியா தூங்கு" என்றேன். விழா ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலை என்று முடிவானது. என்ன படிக்கலாம் என்று கேட்டாள். "சாவு சீன படி. அதான் டாப்பு" என்றேன். அதோடும் விட்டேனா? சித்தப்பாவையும், ஊர்ப் பஞ்சாயத்தில் இரண்டு பெரியவர்களையும் விழாவுக்குக் கூப்பிட்டேன். நம்ம கடலைப் பற்றி ஒரு பெண் எழுதியிருக்கிறாள், நீங்கள் வந்து மரியாதை செய்ய வேண்டும் என்றேன். சித்தப்பா முதல்நாளே சவரம் பண்ணிக்கொண்டு, வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டு வைத்துவிட்டார்.

என் திட்டம் எளிமையானது. அவள் படிப்பாள், அவர்கள் எழுந்து கேட்பார்கள், அவள் எல்லோர் முன்னாலும் முழிப்பாள். பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டால், பன்னிரண்டாம் அத்தியாயத்தின் முதல் மூன்று பக்கத்தை எடுத்துப் படிப்பேன். பீரோவின் மேலிருந்த கவரைத் தூசி தட்டிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் போனேன்.

வாசலிலேயே அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொஸ்தகத்த இப்ப பிரிக்காத. உனக்கு ஒரு சர்ப்ரைஸ் கீது" என்றாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. நானும் ஒன்று வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள். அவள் அந்த அத்தியாயத்தைப் படித்தாள். நல்ல குரல் அவளுக்கு. மகன் படகைத் தள்ளுகிற இடத்தில் முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் முழங்காலில் ஊன்றியிருந்த கையை எடுத்தார். நாற்பத்திரண்டு படகும் கடலில் இறங்கி முடிந்ததும் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்குகிற வரை அவர் காத்திருந்தார். பிறகு எழுந்தார்.

"ஏம்மா, ஒரு சந்தேகம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் மோசம். "பொணத்த வூட்ல போட்டுட்டு எந்தக் குப்பத்துலமா கடலுக்குப் போறான்? நாங்க அப்டிப்பட்ட ஆளுங்களா?"

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் காத்திருந்த நிமிஷம் அது. இத்தனை நாளாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்த காட்சி. அவள் முழிப்பாள் என்று பார்த்தேன்.

அவள் முழிக்கவில்லை. முகம் மட்டும் வெளுத்தது. "நைனா, எனக்குக் கடல் தெரியாது" என்றாள். "அதனாலதான் ஒவ்வொரு வரியையும் உங்க ஊருப் பொண்ணுகிட்ட குடுத்துப் பாத்தேன். அவ ஒரு தப்பும் இல்லன்னு சொன்னப்புறந்தான் அச்சுக்கே குடுத்தேன்." புத்தகத்தைத் திருப்பி முன்பக்கத்தை எடுத்து மைக்கில் படித்தாள். இந்த நாவலில் கடலைப் பற்றி உண்மையாக ஏதாவது இருந்தால் அது நெட்டுக்குப்பத்துத் தோழியால் வந்தது என்று இருந்தது. என் பேர், என் இனிஷியல், என் அப்பா பேர். அவர் மகள் இதன் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தாள் என்று முடிந்தது. அதுதான் சர்ப்ரைஸ்.

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். கூட வந்த இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"இன்னாமே, நீயா பாத்த?"

நான் தலையை ஆட்டினேன்.

"உங்கப்பன் செத்தன்னிக்கி எந்தப் போட்டு கடலுக்குப் போச்சி? சொல்லு. நா வலைய அறுத்துட்டு வந்தேனே, அது இன்னாத்துக்கு?"

என்னிடம் பதில் இருந்தது. கைப்பைக்குள் முப்பத்தோரு பக்கம் இருந்தது. எடுத்துக் காட்ட முடியவில்லை. காட்டினால், தெரிந்தே செய்தாயா என்று கேட்பார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் இத்தனை நாள் உட்கார்ந்து பொறுமையாகச் செய்திருக்கிறேன். சித்தப்பா தனக்குப் போர்த்தவிருந்த பொன்னாடையை வாங்கிக்கொள்ளாமல் மாடிப்படி இறங்கினார்.

ராயபுரம் ஸ்டேஷனில் எண்ணூர் வண்டி வந்தது. சித்தப்பாவும் மற்ற இருவரும் ஏறினார்கள். நான் ஏறப் போனபோது, "நீ அடுத்ததுல வா" என்றார். ஆக, ஒரு வண்டி போயிற்று. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவள் படியேறி ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், விழாப் புடவையோடு, மூச்சு வாங்க.

"தெரிஞ்சேதான சொன்ன?" என்றாள்.

"தெரிஞ்சேதான்."

"ஏன்டி?"

கைப்பையிலிருந்து கவரை எடுத்து மடியில் வைத்தேன். "இத்த நீ படிச்சியா? தூக்கிடுன்னு சொன்னியே, பன்னெண்டு. படிச்சிட்டா சொன்ன?"

அவள் கவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொய் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

"இல்ல" என்றாள். "அந்த வாரம் யார்டுல டபுள் ஷிப்டு. மொத பக்கம் பாத்தேன், மீதிய தள்ளிட்டேன். உன்ன பாக்க வரணும், ஒண்ணும் சொல்லாம இருந்தா படிக்கலன்னு தெரிஞ்சிடும். எத்தையாவது சொல்லணுமேன்னு சொன்னேன். நீ எதுத்து சண்ட போடுவன்னு நெனச்சேன்டி. சரின்ட்ட."

அப்படியென்றால் என் அப்பா சாவை மூன்று வரியாக்கியது கருத்துகூட இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறாள். எனக்கு அவளை அடிக்க வேண்டும்போல இருந்தது, உண்மையாகவே கை ஓங்க வேண்டும்போல இருந்தது. எதற்காக அவளைப் பழிவாங்கினேனோ, அந்தக் காரணம் சரிதான் என்று தெரிந்ததில் ஒரு திருப்தியும் வந்தது. அந்தத் திருப்தியால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"இப்ப குடு. படிக்கிறேன்" என்று கை நீட்டினாள். அழுதுகொண்டிருந்தாள்.

"வேணாம்" என்றேன். இரண்டாவது வண்டி வந்தது. ஏறிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். கையில் அந்தப் புத்தகம். விழாவில் எல்லோருக்கும் கொடுத்த பிரதி. ஊர்ப் படிப்பகத்தில் வைக்க வேண்டும் என்று பஞ்சாயத்துக்காரர் வாங்கிவந்திருந்தார். நம் ஊரைப் பற்றி வந்திருக்கிற ஒரே புத்தகம், வைக்காமல் எப்படி இருப்பது?

திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. "நாங்க இருக்கிற வரைக்கும் பரவால்ல. எவனாவது கேட்டா இல்லன்னு சொல்லுவோம்" என்றார். "அப்பாலிக்கா வர்றவனுக்கு இதானே நெசம்? அச்சுல கீது. உங்கப்பன் பேரும் கீது. அவன் பொண்ணே பாத்து சரின்னுச்சின்னு கீது." புத்தகத்தைத் திண்ணைமேல் வைத்தார். "எதுனா பண்ணிட்டுக் குடு. நா பஞ்சாயத்துல சொல்லிக்கிறேன்."

அன்றைக்கு வேலைக்கு லீவு சொன்னேன். உண்மையைச் சொல்லி ஒரு காகிதம் எழுதி உள்ளே வைக்கலாமா என்று முதலில் நினைத்தேன். பிறகு என் பேரை அடித்துவிடலாமா என்று பேனாவை எடுத்தேன். அதையும் செய்யவில்லை. இதற்கு நான்தான் பொறுப்பு என்று எங்கேயாவது ஒரு இடத்தில் எழுதியிருக்க வேண்டும், அது அங்கே இருக்கட்டும் என்று விட்டேன். கடைசிக்கு முந்தின அத்தியாயத்தை எடுத்துவைத்து, அவளுடைய படகுகள் இறங்குகிற ஒன்பது பக்கத்தையும் ஸ்கேல் வைத்துக் குறுக்கே கோடு போட்டேன். பச்சைப் பேனாதான். அவளிடமிருந்து வந்த பழக்கம்.

பிறகு என் முப்பத்தோரு பக்கத்தையும் அந்த இடத்தில் சொருகித் தைத்தேன். பேப்பர் கட்டு தடிமனாக இருந்ததால் ஸ்டேப்ளர் ஏறவில்லை. சித்தப்பா வலை பின்னுகிற ஊசியும் நைலான் நூலும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, எங்கெங்கே முடிச்சுப் போட வேண்டும் என்று காட்டினார். தைத்து முடித்ததும் புத்தகம் மூடவில்லை, நடுவில் புடைத்துக்கொண்டு நின்றது.

அவர் அதைக் கையில் வைத்து எடை பார்த்தார். "இதுல போட்டுங்க எங்க கீது?" என்று கேட்டார்.

"கரைல சித்தப்பா."

"எல்லாமா?"

"நாப்பத்திரெண்டும்."

அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு படிப்பகத்துக்குப் போனார். அவளிடமிருந்து அதற்குள் ஆறு முறை போன் வந்திருந்தது, நான் எடுக்கவில்லை. மற்ற பிரதிகள் எல்லாம் கடைகளில் இருக்கின்றன. அவற்றில் என் அப்பா வீட்டில் கிடக்கிறார், ஊர் கடலுக்குப் போகிறது, சரிபார்த்தது நான்.